தோற்றால் ஒன்றும் வேண்டாம்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மரியாதை என்று எடுத்துக்கொள்ளலாம். பயம் என்று சொன்னாலும் மறுக்கமாட்டேன். எங்கள் அடுக்ககத்தில் பெரியவர்களுக்கு அவர் அக்கா, குழந்தைகளுக்குப் பெரியம்மா. ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட கட்டடம் அது. தரைத்தளத்தில் மாடிப்படியை ஒட்டிய வீடு அவருடையது. யார் ஏறினாலும் இறங்கினாலும் அவர் வாசல் கிரில்லைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அறுபது வயது இருக்கும். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, நெற்றியில் சின்னதாகக் குங்குமம். கண்டோன்மென்ட்டில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு கடை வராந்தாவில் உட்கார்ந்து முப்பது வருடம் டைப் அடித்தவர். பிராது, மனு, வக்கீல் நோட்டீஸ் என்று ஊரின் சண்டையெல்லாம் அவர் விரல் வழியாகப் போயிருக்கிறது. நான் அங்கே குடிவந்தபோது மெஷினை விற்று நாலைந்து வருடம் ஆகியிருந்தது. ஆனால் விரல்கள் நிற்கவில்லை. நாம் பேசும்போது அவர் மடியில் பத்து விரலும் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். ஏதோ நரம்புக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் அரிசி விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள், பாதியில் நிறுத்திவிட்டு மகளின் மூக்கைத் துடைத்தேன். விரல்கள் நின்றன. மறுபடி பேச ஆரம்பித்தேன். விரல்களும் ஆரம்பித்தன.

அவர் யாரைப் பற்றியும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. இதை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். மற்றவர்கள் சொன்ன கெட்ட வார்த்தைகளை மட்டும் அப்படியே திருப்பிச் சொல்வார், எழுதச் சொல்லிக் கொடுப்பது போல. "வாட்ச்மேன் என்ன சொன்னாரு தெரியுமா? இந்த வீட்டுக்காரன் திருடன் கமா இவன் அப்பனும் திருடன் புள்ளி." நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார். மூன்று மாதம் கழித்துக் கேட்டாலும் அதே வாக்கியம், அதே இடத்தில் கமா.

யாராவது அவரிடம் போய், இன்னார் என்னைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டார் என்று அழுதால், மற்றவர்கள் கேட்பதுபோல "நீ என்ன செஞ்சே" என்றோ "உண்மையா" என்றோ அவர் கேட்கமாட்டார். ஒரே கேள்விதான். "யார் காதுல விழுந்துச்சு?"

அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. நேருக்கு நேர் ஒருவரை எவ்வளவு திட்டினாலும் அது திட்டுதான். மூன்றாவதாக ஒரு காது அதைக் கேட்டால் அது அவதூறு. நஷ்டஈடு கேட்கலாம். அவர் அதைத்தான் செய்துவந்தார். வழக்குப் போட வசதியில்லாதவர்களுக்காகத் தானே வக்கீலுக்குப் பணம் கொடுப்பார், கோர்ட் கட்டணம் கட்டுவார். ஜெயித்தால் வருவதில் பாதி அவருக்கு. தோற்றால் ஒன்றும் வேண்டாம். வக்கீல்கள் அப்படிப் பங்கு பேசக் கூடாது, அது அவர்கள் தொழில் விதி என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். "நான் வக்கீல் இல்லையே டீச்சர். டைப்பிஸ்டு." பெரும்பாலான விஷயம் கோர்ட் வரை போகாது. நோட்டீஸ் போன உடனே எதிராளி யாரையாவது பிடித்துப் பேச வந்துவிடுவார்.

அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை. அங்கே வேலை பார்த்த பெண்ணை, புடவை திருடினாள் என்று வாடிக்கையாளர்கள் முன்னால் பையைக் கொட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். பையில் சாப்பாட்டு டப்பாதான் இருந்தது. முன்பணம் இல்லாமல் எந்த வக்கீலும் அவளுக்காகப் பேசவில்லை. அக்கா பேசினார். இரண்டு வருடம் தன் கைக்காசைப் போட்டு வழக்கு நடத்தி நஷ்டஈடு வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெண் ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து அவர் காலில் விழுவதை நானே பார்த்திருக்கிறேன். விழுந்து எழுந்தவளிடம் அக்கா, இப்போ வேலை செய்யும் கடையில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார்.

இன்னொரு சம்பவம் உண்டு. அடுக்ககச் சங்கக் கூட்டத்தில், தண்ணீர் லாரிக் கணக்கு பற்றிக் கேட்ட ஒருவரைச் செயலாளர் "கமிஷன் தின்னி" என்று கத்திவிட்டார். சத்தம் அடங்கியதும் மூலையில் உட்கார்ந்திருந்த அக்கா, "இதை யார் யார் கேட்டீங்க? கை தூக்குங்க" என்றார். விளையாட்டு என்று நினைத்து நாங்கள் ஒன்பது பேர் சிரித்துக்கொண்டே கை தூக்கினோம். மாதம் முடிவதற்குள் செயலாளருக்கு நோட்டீஸ் வந்தது. அதில் ஒன்பது பேரின் பெயரும் வரிசையாக இருந்தது. என் பெயர் ஆறாவது.

பிறகு என் முறை வந்தது.

நான் பி.எட். முடித்தவள். மகள் பிறந்த பிறகு பள்ளி வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் கிரஷ் நடத்தினேன். வேலைக்குப் போகும் அம்மாக்களின் குழந்தைகள் நான்கு பேர், என் மகள் ஒருத்தி. இரண்டாவது மாடி சுபா புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அவள் கணவர் தோஹாவில். இரண்டரை வயது மகனை என்னிடம் விட்டுப்போவாள். ஒருநாள் அவனுக்குச் சளி. பையில் சிரப் பாட்டிலும் ஒரு சீட்டும் இருந்தன. பதினோரு மணிக்கு இரண்டரை மில்லி. கொடுத்தேன். பையன் நான்கு மணிவரை தூங்கினான். சுபா வந்து எழுப்பியபோது தள்ளாடினான், வாந்தி எடுத்தான். மருந்து கொஞ்சம் கூடியிருக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அதற்குள் அடுக்கக வாட்ஸப் குழுவில் சுபாவின் குரல் வந்துவிட்டது. பிள்ளைகள் தொந்தரவு செய்யக் கூடாதென்று மருந்து ஊற்றித் தூங்கவைக்கிறார்கள், உங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

நான் இரண்டரை மில்லிதான் கொடுத்தேன். கண்ணை மூடினால் மருந்து மூடியும் அதில் இருந்த கோடும் தெரியும். அது கீழ்க்கோடா மேல்கோடா என்று உற்றுப் பார்த்தால் கலங்கிவிடும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் கணவரிடம்கூட.

ஒரே வாரத்தில் நான்கு குழந்தைகளும் நின்றுவிட்டார்கள். படியில் அக்கா என்னை நிறுத்தி உள்ளே கூப்பிட்டார். காபி கொடுத்தார். நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

"குரூப்ல எத்தனை பேரு டீச்சர்?"

"முப்பத்தோரு பேர்க்கா."

"அத்தனை காதா?" என்றார் மெதுவாக. பிறகு, "அவங்க வீட்டுக்காரர் தோஹாவுலதானே?" என்றார்.

நான் எவ்வளவு மருந்து கொடுத்தேன் என்று அவர் கேட்கவேயில்லை. அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இந்தக் கட்டடத்தில் என்னைச் சந்தேகிக்காத ஒரே ஆள் என்று நினைத்தேன். எனக்குப் பணம் வேண்டாம்க்கா, அதே குரூப்பில் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மன்னிப்பைப் பாதியாப் பிரிக்க முடியுமா டீச்சர்?"

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் சம்மதம் இல்லாமல் நான் சமாதானம் பேசக் கூடாது, பேசினால் அதுவரை ஆன செலவு என்னுடையது என்று அதில் இருந்தது. "படிச்சவதானே, வாசிச்சுப் பார்த்தியா?" என்று கணவர் கேட்டார். மூன்று முறை வாசித்திருந்தேன்.

அக்கா பிராதின் வரைவையும் தயார் செய்து எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். அந்தக் குரலால் வாதியான எனக்கு ஏற்பட்ட பாதிப்புகள் என்று ஐந்து வரிகள், எண் போட்டு. முதல் வரி, கிரஷ் மூடப்பட்டது. அது நடந்ததுதான். மற்ற நான்கும் நடக்காதவை. அக்கம்பக்கத்தார் பேச்சை நிறுத்தினர். உறுதி சொல்லப்பட்ட ஆசிரியை வேலை மறுக்கப்பட்டது. கணவரின் அலுவலகத்தில் தலைகுனிவு ஏற்பட்டது. ஐந்தாவது வரியை அன்று நான் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். மூன்று முறை படிக்கும் பழக்கம் உள்ளவள் அதை மட்டும் எப்படி விட்டேன்?

"இதெல்லாம் நடக்கலையே அக்கா."

"எழுதி வைப்போம். நடக்கலைன்னா கோடு போட்டு அடிச்சுடலாம்."

அடிக்க வேண்டி வரவில்லை. முதல் மாடியில் எனக்குத் தினமும் முருங்கைக்கீரை கொடுக்கும், வாட்ஸப் பக்கமே போகாத அம்மா, கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் மூடினார். வீட்டுக்கு வந்து இரண்டாவது வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் டிக் போட்டேன். அக்காதான் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தார், தேதியோடு. என் கணவர் திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஷிப்ட் பஸ்ஸில் யாரோ, உங்க வீட்ல ஏதோ குழந்தை விஷயமாமே என்று கேட்டதாக வந்து சொன்னார். நான்காவது வரிக்கும் டிக். தேதியையும் சரியாக எழுதினேன். ஒரு வேலையைக் கொடுத்தால் ஒழுங்காகச் செய்கிறவள் நான். என்னைப் பற்றி எனக்கு அதிகம் பயமாக இருப்பது இந்த இடத்தில்தான்.

இதற்கிடையில் சுபாவுக்கு நோட்டீஸ் போனது. அவள் படியில் என்னைக் கண்டால் சுவரோரம் ஒதுங்கிப் போனாள்.

மூன்றாவது வரி பாக்கி இருந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் எனக்கு ஜூன் மாதம் வேலை தருவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். மே கடைசியில் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷி. என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டே இந்த வருடம் முடியாது என்றார். அந்த வாட்ஸப் விஷயமா மேடம் என்று கேட்டேன்.

"எனக்கு அதெல்லாம் தெரியவே தெரியாதும்மா. போன வாரம் ஒரு அம்மா வந்து விசாரிச்சாங்க. ரொம்ப மரியாதையான அம்மா. உங்க நல்லதுக்காகத்தான் கேக்கறதாச் சொன்னாங்க. அவங்க கேட்டப்புறம்தான் எனக்கே தெரியும்."

எப்படி வீடு வந்தேன் என்று நினைவில்லை. அக்கா கிரில்லுக்குப் பின்னால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஸ்கூலுக்குப் போனீர்களா என்று கேட்டேன். போனேன் என்றார். மறைக்கவில்லை.

"என்ன சொன்னீங்க?"

"நான் ஒன்னும் சொல்லலையே டீச்சர். இந்த மாதிரி பேசிக்கிறாங்களே, உங்க காதுல விழுந்துச்சான்னு கேட்டேன். சாட்சி வேணும்ல?"

"அவங்களுக்கு விஷயமே தெரியாது. நீங்க கேட்டுத்தான் தெரியும்."

"இப்பத் தெரிஞ்சிடுச்சுல்ல," என்றார். கேலியாக இல்லை. ஒரு வேலை முடிந்த நிம்மதியில் சொல்வது போல.

முருங்கைக்கீரை அம்மாவிடமும், கணவரோடு பஸ்ஸில் வருகிற யாரோ ஒருவரின் மனைவியிடமும், அதே மரியாதையோடு அதே கேள்வி போயிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. சுபாவின் குரல் முப்பத்தோரு பேரோடு நின்றிருந்தது. மற்ற காதுகளை அக்கா தேடித் தேடித் திறந்திருக்கிறார், எனக்காக. அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை என்று நினைத்தேனே, நம்பவும் இல்லை. நான் மருந்து ஊற்றியிருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான்.

மேலே போய் வரைவை எடுத்துக்கொண்டு வந்தேன். ஐந்தாவது வரியை அப்போதுதான் உண்மையில் படித்தேன். வாதியின் நான்கு வயது மகளை மற்ற குழந்தைகள் விளையாட்டில் சேர்ப்பதில்லை.

அதன்மேல் விரல் வைத்து, "இதையும் கேட்டுட்டீங்களா?" என்றேன்.

"இன்னும் இல்ல," என்றார்.

அன்றே சுபா வீட்டுக் கதவைத் தட்டினேன். சங்கிலியைக் கழற்றாமல் பார்த்தாள். வழக்கு வேண்டாம், பேச வந்தேன் என்றதும் திறந்தாள். நோட்டீஸ் வந்ததிலிருந்து தோஹாவுக்குச் சொல்லவும் முடியாமல், சாப்பிடவும் முடியாமல் இருந்திருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள்தான் கேட்டாள்.

"எத்தனை மில்லி கொடுத்தீங்க?"

"ரெண்டரைன்னுதான் நினைக்கிறேன். சத்தியமாத் தெரியல சுபா."

கோபப்படப் போகிறாள் என்று நினைத்தேன்.

"காலைல எங்கம்மா ஒரு தடவை கொடுத்துட்டாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு," என்றாள். "இன்னும் அம்மாகிட்ட கேக்கல. கேக்கவே பயமா இருக்கு."

அன்று மாலை குழுவில் அவள் குரல் மறுபடி வந்தது. அவசரத்தில் தவறாகப் பேசிவிட்டேன், எல்லோரும் மன்னிக்கவும் என்று. மூன்று முறை பேசி அழித்து, நான்காவது முறை அனுப்பினாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

அக்கா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் படித்தவர்கள், உங்கள் இஷ்டம் என்றார். ஆன செலவை என் கணவர் கொடுத்துவிட்டார். ஒப்பந்தத்தை என் கண் முன்னாலேயே கிழித்தார். மகளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். இவ்வளவு எளிதில் முடிந்துவிட்டதே என்று அன்றே ஒரு கலக்கம் இருந்தது. நான்தான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் ஆயிற்றே என்று அதை ஒதுக்கிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போய் இறங்கிவருகிறேன். மகளைக் காணவில்லை. கீழே ஓடினேன். கிரில்லுக்கு உள்ளே, அக்காவின் நாற்காலிக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். அக்காவின் விரல்கள் மடியில் அசைந்தன. என்னைப் பார்த்ததும், "நல்லாப் பேசுறா டீச்சர் உங்க பொண்ணு," என்றார்.

வீட்டுக்கு வந்து, பெரியம்மாவிடம் என்ன பேசினாய் என்று கேட்டேன்.

"அம்மா வீட்ல சுபா ஆன்ட்டியப் பத்தி என்ன சொல்வாங்கன்னு கேட்டாங்க. சொன்னேன்."

"என்ன சொன்னே?"

அவள் பள்ளிப் பாட்டு ஒப்பிப்பது போல நேராக நின்றுகொண்டாள். "அவ டியூட்டிக்கு ஓடுறதுக்கு அவளே மருந்து ஊத்தியிருப்பா கமா அவளெல்லாம் ஒரு அம்மாவா புள்ளி." பிறகு, "கமான்னா என்னம்மா?" என்றாள்.

நான் சொன்னதுதான். கிரஷ் மூடிய வாரம், சமையலறையில், கணவரிடம் சொன்னது. அப்போது மகள் தரையில் கரண்டிகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான்கு வயதுக் குழந்தையின் சாட்சி எங்கே செல்லும் என்று எனக்குத் தெரியாது. நோட்டீஸுக்கு அது தேவையில்லை என்பது தெரியும். என் கணவருக்கு நிரந்தர வேலை என்பது அக்காவுக்கும் தெரியும்.

மகளைத் தூக்கிக்கொண்டு சுபா வீட்டுக்குப் போனேன். அக்கா சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று. சுபா என் முகத்தைப் பார்த்ததும், "நேத்தே வந்துட்டுப் போயிட்டாங்க," என்றாள். நேற்றே என்றால், மகள் இன்று இரண்டாவது முறை போயிருக்கிறாள். அல்லது மூன்றாவது முறை.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"தோத்தா ஒன்னும் வேண்டாம்னு சொன்னாங்க. பேனாவை எடுத்துட்டேன். என் பையன் பக்கத்துல உக்காந்திருந்தான். அவங்க என்கிட்ட பேசினாங்களே தவிர, என்னைப் பார்க்கவே இல்ல. அவனையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. பேனாவைக் கீழ வச்சுட்டேன்."

நான் என்ன சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை. அக்கா சொல்லியிருப்பார். நானே ஒருமுறை சொன்னேன், முழுவதும். அவள் தலையாட்டினாள். இரண்டு பேரும் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தோம்.

அந்த மாதமே வீட்டைக் காலி செய்து திருவெறும்பூருக்கு வந்துவிட்டோம். கணவருக்கு வேலைக்குப் பக்கம் என்று எல்லோரிடமும் சொன்னோம். சாமான் ஏற்றும்போது அக்கா வாசலில் நின்று, போய் நல்லா இருங்க டீச்சர் என்றார். மனதாரத்தான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். அவர் எனக்கு நோட்டீஸ் அனுப்பவில்லை. வேறு யாருக்காகவும் என்மேல் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வருடம் ஆகிவிட்டது.

புது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மகளுக்கு ஒன்றைச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். வீட்டில் பேசுவதை வெளியே சொல்லக் கூடாது, யார் கேட்டாலும். சாப்பாடு ஊட்டும்போது, தலை பின்னும்போது, செருப்பு மாட்டும்போது. சொன்னதைச் செய்கிறவள், என்னைப் போல.

போன வாரம் அவள் பள்ளியில் கூப்பிட்டார்கள். டீச்சர் சின்னப் பெண், கொஞ்சம் தயங்கித்தான் பேசினாள்.

"எல்லாம் தெரியுது மேடம், எழுதச் சொன்னா எழுதிடறா. வாயத் திறந்து சொல்லச் சொன்னா மட்டும், யார் யார் இருக்காங்கன்னு ஒரு தடவை சுத்திப் பார்க்குறா. அப்புறம் பேசவே மாட்டேங்குறா. வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

ஒன்றுமில்லை என்றேன். அவள் அதை எங்காவது எழுதிக்கொள்கிறாளா என்று பார்த்தேன். எழுதவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் மகளை நிறுத்தி, குனிந்து, வகுப்பில் இன்று என்ன கேட்டார்கள் என்று கேட்டேன். அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவள் மறுபடி என்னைப் பார்த்தாள், என் காதை, பிறகு வாயை. ஒன்றும் சொல்லவில்லை.